அலையில்லாத கடலில் பறப்பது எப்படி?

ஃபொயில் பலகையில் ‘பம்பிங்’ பழகும் கலையும், அதற்கென்றே அமைந்ததுபோல் கிடக்கும் திருகோணமலைக் குடாவும்

பலகை நீரைவிட்டு எழுந்ததும் சத்தம் நின்றுபோகும். அதுவரை அடியில் சளசளத்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று அடங்கிவிடும். பலகைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. முக்கால் மீற்றர் நீளத் தண்டொன்று அங்கிருந்து கீழே இறங்கி, அதன் நுனியில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமான இறக்கை நீருக்குள் பறந்துகொண்டிருக்கும். அலை கிடையாது, பாய் கிடையாது, இயந்திரமும் கிடையாது. மேலே நிற்பவருடைய முழங்கால்கள் மடங்கி நிமிர்கின்றன, அவ்வளவுதான். அந்த அசைவு நின்றால் சில செக்கன்களில் பலகை மறுபடியும் தண்ணீரில் உட்கார்ந்துவிடும்.

இந்த அசைவுக்குத்தான் பம்பிங் என்று பெயர். நின்றபடி துடுப்புப் போடும் பலகையின் அடியில் ஃபொயில் எனப்படும் இந்த இறக்கையைப் பொருத்தி, துடுப்பாலும் கால்களாலும் வேகமெடுத்து எழுவது உலகக் கடற்கரைகளில் இப்போது வேகமாகப் பரவிவரும் நீர்விளையாட்டு. இதற்கு அலை கட்டாயமில்லை. அறுகம்பையில் அலை அடிக்கும், கற்பிட்டியில் காற்று அடிக்கும்; அதனால் அலைச்சறுக்குக்காரர்கள் முன்னதற்கும், காற்றாடிச் சறுக்குக்காரர்கள் பின்னதற்கும் போகிறார்கள். பம்பிங் பழகுகிறவருக்கு வேண்டியது வேறு: அடைபட்ட, ஆழமான, அமைதியான உப்புநீர். இலங்கையில் அது திருகோணமலையில்போல் வேறெங்கும் கிடையாது என்பது என் துணிபு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஏரியில் பிறந்த இறக்கை

நீருக்கடியில் இறக்கை வைத்துப் படகைத் தூக்கலாம் என்ற யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இத்தாலியரான என்ரிக்கோ ஃபோர்லானினி 1906இல் மஜ்ஜோரே ஏரியில் ஏணிபோல் அடுக்கிய இறக்கைகளில் படகைத் தூக்கி ஓட்டிக் காட்டினார். தொலைபேசியோடு பெயர் இணைந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், கேசி போல்ட்வினோடு சேர்ந்து கனடாவில் கட்டிய எச்.டி-4 என்ற படகு 1919 செப்டெம்பர் 9 அன்று மணிக்கு 114 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. இரண்டுமே இயந்திரப் படகுகள். ஒரு மனிதன் பலகையில் நின்று இறக்கையில் பறப்பதை உலகம் பெருமளவில் கண்டது 2000களின் தொடக்கத்தில். ஹவாயில் அலைச்சறுக்கு வீரர் லேயர்ட் ஹமில்டன் குழுவினர் கனத்த சப்பாத்துகளால் பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு, இழுபடகின் துணையோடு பேரலைகளில் இறங்கினார்கள்.

திருப்பம் 2016இல் வந்தது. மாவி தீவில் அலெக்ஸ் அக்வேரா செய்த இறக்கையைத் துடுப்புப்பலகையில் பொருத்தி, அலைச்சறுக்கு வீரர் கை லெனி திறந்த கடலின் சிறு புடைப்புகள் மேல் மிதந்துபோன காணொளிகள் உலகெங்கும் ஓடின. இழுபடகும் இல்லை, பேரலையும் இல்லை. அதற்குப் பிறகு இறக்கைகள் பெரிதாகின, தடிப்புக் குறைந்தன. பலகைகள் ஒடுங்கி நீண்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்செய் கடலில் நடந்தபோது, காற்றாடிப் பிரிவும் பாய்ப்பலகைப் பிரிவும் இறக்கைகளின் மேல்தான் ஓடின. துடுப்பு ஃபொயில் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் பிற ஃபொயில்காரர்களும் இன்று பம்பிங் பழகுகிறார்கள். காற்று விழுந்த இடத்திலும் அலை முடிந்த இடத்திலும் அடுத்த புடைப்புவரை கொண்டுசேர்ப்பது கால்கள்தான்.

மேலும் கீழும் அசைந்தால் முன்னே போவது ஏன்?

இது புரியாமல் பழகுகிறவர்கள் மாதக்கணக்கில் பலகையை மிதித்து மிதித்தே களைத்துப்போகிறார்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

முன்னே ஓடிக்கொண்டிருக்கும் இறக்கையைக் கீழே அழுத்தினால், அது சரிவில் இறங்குவதுபோல் முன்னும் கீழுமாகப் போகிறது. நீர் அதை நேர் எதிரேயிருந்து தாக்காமல் சற்றுக் கீழிருந்து வந்து தாக்குகிறது. தாங்குவிசை எப்போதும் நீரோட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும் என்பதால், அந்தக் கணத்தில் அது முன்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பங்குதான் உந்துவிசை. அடுத்து உடலை இலேசாக்கினால் இறக்கை மேலே ஏறும். அப்போது விசை பின்பக்கம் சாயும்தான். ஆனால் சுமை குறைந்திருப்பதால் இழப்பும் குறைவு. அழுத்தும்போது பெற்றது பெரிது, விடும்போது இழந்தது சிறிது. மிஞ்சுவது வேகம். அசையும் இறக்கை உந்துவிசை தரும் என்பதை வியன்னாவின் நொல்லர் 1909இலும், ஜெர்மனியின் பெட்ஸ் 1912இலும் தனித்தனியே விளக்கினார்கள். 1922இல் கற்ஸ்மேயர் அதைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உறுதிப்படுத்தினார்.

திருகோணமலைக்காரருக்கு இதற்கு வியன்னாவரை போகவேண்டியதில்லை. ஊருக்கு வெளியே கடலடியில் ஓடும் பெரும் பள்ளத்தாக்கு துறைமுக வாயிலருகே வரை நீள்வதால், கரையிலிருந்து அதிகம் போகாமலே நீலத் திமிங்கிலங்களையும் கூட்டங்கூட்டமாக ஓங்கில்களையும் காண முடிகிறது. மீனின் வால் பக்கவாட்டில் அடிக்கும். ஓங்கிலுக்கும் திமிங்கிலத்துக்கும் வால் கிடையாக விரிந்திருக்கும். அது மேலும் கீழும் அடிக்கும். பம்பிங் செய்யும் பலகையின் இறக்கை செய்வதும் அதே வேலை. தசைதான் நீருக்கு மேலே இருக்கிறது.

இதில் எவ்வளவு பலம் செலவாகிறது? 70 கிலோ எடையுள்ள ஒருவர், 10 கிலோ பலகையும் இறக்கையும் என்று வைத்துக்கொள்வோம். பழகுகிறவர்களுக்கான 1700 சதுர சென்ரிமீற்றர் இறக்கை, செக்கனுக்கு 4 மீற்றர், அதாவது மணிக்கு 14 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் இந்த எடையைச் சுகமாகத் தாங்கும். இழுவை மொத்த எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால், அந்த வேகத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ 260 வாட் திறன் தேவை. பயிற்சியில்லாத ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய திறன் 100 வாட்டை ஒட்டியது. தொடக்கக்காரருக்கு அரை நிமிடத்தில் மூச்சு வாங்குவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. தாங்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடிக்குறையும். 4 மீற்றர் வேகம் 3 ஆகக் குறைந்தால், முன்பிருந்த தாங்குவிசையில் பாதியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் மிஞ்சும். அதை ஈடுசெய்ய நுனியை உயர்த்தினால் இழுவை இன்னும் ஏறும், வேகம் இன்னும் விழும். பழகுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது இந்தச் சுழலில்தான்.

கால்கள் கற்க வேண்டியது

சித்திரை வருடப்பிறப்புக்குக் கட்டும் ஊஞ்சலில் நின்று உந்திய எவருக்கும் பம்பிங்கின் பாதி ஏற்கெனவே தெரியும். ஊஞ்சல் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது உடல் கனக்கும். அப்போது நிமிர வேண்டும். உச்சியில் உடல் இலேசாகும். அங்கே மடங்க வேண்டும். கனக்கும்போது கொடு, இலேசாகும்போது விடு. நேரம் தவறி உந்துகிற பிள்ளை எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஊஞ்சல் நின்றுபோகும். ஃபொயிலும் அப்படியே. பலத்தை நம்பி வருகிற பயில்வான்களைவிட, தாளம் பிடிபட்ட மெல்லிய உடல்காரர்கள் முந்திப்போவதற்குக் காரணம் இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எடை பார்க்கும் தராசில் ஏறி நின்று சட்டென்று முழங்காலை மடக்குங்கள். முள் கீழே விழும். அங்கிருந்து உந்தி நிமிருங்கள்; முள் உங்கள் உண்மை எடையைத் தாண்டிப் போகும். இந்த ஏற்ற இறக்கம்தான் இறக்கைக்குப் போகும் எரிபொருள். பம்பிங் என்றதும் எல்லோரும் மிதிப்பதைப் பற்றியே நினைக்கிறார்கள். இலேசாக்குவதே கடினமான பாதி. உடல் மேலே எழும்பும் வேகத்தில் பலகையும் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு தானாக ஏறிவர வேண்டும். அதற்கு இடம்கொடாமல் மறுபடி மறுபடி மிதித்தால் பலகை தண்ணீரில் அறைந்து நின்றுவிடும்.

பம்பிங்குக்கு முன்னால் பழக வேண்டியது சும்மா மிதந்துபோவது. ஒரு கண்ணாடியிழைப் படகு, பத்துப் பன்னிரண்டு மீற்றர் கயிறு, நிதானமான ஓட்டி, பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர். மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் வேகத்தில் பெரிய இறக்கை தானாகவே எழும்பும். எழும்பியதும் பழகுபவர் செய்யவேண்டியது முன்காலில் எடையை வைத்து உயரத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்றுதான். பின்காலில் எடை போனால் நுனி தூக்கும், இறக்கை மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், காற்றை உறிஞ்சும், அந்த நொடியே தாங்குவிசை போய்விடும். பலகையை ஒரே உயரத்தில், நேர்கோட்டில் வைத்திருக்க வந்துவிட்டால் கயிற்றை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாம். அந்தத் தூரம் முடியப்போகும் தருணத்தில்தான் முதல் பம்ப். விழத் தொடங்கியபின் அல்ல, விழ ஆரம்பிப்பதற்கு முன்பே.

உயரம் முக்கியம். இறக்கை நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே இருந்தால் போதும். அதைவிட ஆழமாக இருந்தால் தண்டின் பெரும்பகுதி நீரைக் கிழித்துக்கொண்டே வரவேண்டியிருக்கும். அந்த இழுவைக்கும் சேர்த்துக் கால்கள் கூலி கொடுக்க வேண்டும். புதியவர்கள் பயத்தால் தாழ்வாகவே ஓடுவார்கள், ஆகவே விரைவில் களைப்பார்கள். தேர்ந்தவர்கள் எப்போதும் தண்டின் உச்சியிலேயே விளையாடுவதைக் காணலாம்.

தாளத்தை எண்ணிக்கையால் சொல்லிக்கொடுக்க முடியாது. தொடக்கத்தில் குறுகிய, விரைந்த அசைவுகள். வேகம் வந்தபின் நீண்ட, நிதானமான அசைவுகள். பெரிய இறக்கையில் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் தாளம் அமையும், சிறிய இறக்கை இன்னும் விரைவாகக் கேட்கும். இறக்கை தன் தாளத்தைப் பாதத்துக்குச் சொல்லும். அதைக் கேட்கும்வரை வேறு வழியில்லை. பார்வை பலகையின் நுனியில் இருக்கக்கூடாது. முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். குனிந்தால் இடுப்பு மடங்கும், இடுப்பு மடங்கினால் நெஞ்சு முன்னே விழும், பலகையும் கூடவே விழும். மூச்சை அடக்கிக்கொண்டு பம்ப் செய்வது இன்னொரு பொதுப் பழக்கம். அசைவோடு மூச்சையும் சேர்த்து விட்டால் நேரம் கூடும்.

துடுப்போடு எழுவதுதான் இந்தக் கலையின் மிகக் கடினமான பகுதி. அமைதியான நீரில், அலையின் உதவியே இல்லாமல் எழுவது தேர்ந்தவர்களுக்கும் சோதனை. பலகையின் மூக்கருகே, குறுகிய, விரைந்த துடுப்புகள். ஒவ்வொரு துடுப்பும் இரண்டு வேலை செய்கிறது: முன்னே தள்ளுகிறது, தட்டையை நீரில் ஊன்றி அழுத்தும்போது உடலின் எடையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. அந்த வாங்கிக்கொண்ட கணத்தில் பலகை இலேசாகிறது. ஆகவே துடுப்பும் காலும் ஒரே தாளத்துக்கு வரவேண்டும். பலகையின் அடி நீரிலிருந்து பிரிந்து வழுக்குவது பாதத்தில் தெரிந்ததும், அடுத்த மூன்று நான்கு துடுப்புகளோடு பின்கால் தூக்க, முன்கால் அழுத்த, பலகை ஆடி ஆடி எழும்பும். எழும்பியபின் துடுப்பு இடுப்பளவில் கிடையாக நின்று சமநிலைக்கு உதவும். மீதியைக் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வழி, துடுப்பே இல்லாமல் இறங்குதுறையிலிருந்து பாய்வது. சிறிய பலகையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, அதை நீர்மேல் நேராக வழுக்கவிட்டு, அதன் மேல் ஏறி நின்று உடனே பம்ப் செய்ய வேண்டும். துடுப்புக்காரரும் இதைப் பழகினால் பம்பிங் மட்டும் தனியாக, தெளிவாகப் படியும். தாழ்வான மேடை, குறைந்தது ஒன்றரை மீற்றர் ஆழம், தெளிந்த அடித்தளம், இவ்வளவும் வேண்டும். இங்கேதான் திருகோணமலை மறுபடியும் கதைக்குள் வருகிறது.

குடாவின் கொடை

துடுப்பு ஃபொயில் பெரிதும் வளர்ந்த ஹவாயில் கடல் சும்மா இருப்பதில்லை. ஏரிகளில் பழகும் ஐரோப்பியருக்குக் குளிர்காலம் வந்தால் உறைநீர். திருகோணமலை மாவட்டத்திலோ ஆண்டு முழுவதும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து சேரும் கொட்டியாரக்குடா, அதன் வடக்கே மலைகளும் முனைகளும் அணைத்துக்கொண்ட உள்துறைமுகம், மேற்கே தம்பலகாமக்குடா என்று நீர் இங்கே அடுக்கடுக்காக ஒதுங்கிக் கிடக்கிறது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காக அடித்துக்கொண்டது எந்தக் காற்றிலும் கப்பல் பாதுகாப்பாக நிற்கும் என்பதற்காக. அதே ஒதுக்கம்தான் பலகையில் நிற்கப் பழகுகிறவருக்கும் வேண்டும்.

கடல் ஏறி வற்றும் வேறுபாடு இந்தக் கரையில் அரை மீற்றரை ஒட்டியே நிற்கிறது. காலையில் நீருக்கு முழ உயரத்தில் இருந்த இறங்குதுறை, மாலையில் ஆள் உயரத்துக்குப் போய்விடுவதில்லை. பல மீற்றர் ஏறி இறங்கும் ஐரோப்பிய அத்திலாந்திக் கரைகளில் பழகுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இறங்க முடியும். உப்புவெளி, நிலாவெளிக் கடல் மே முதல் செப்டெம்பர்வரை பொதுவாக அமைதி. விடிகாலையில் அசைவே தெரியாது. வாடை தொடங்கும் நவம்பர் முதல் அங்கே அலை எழும். அப்போது திறந்த கரையை விட்டுவிட்டுக் குடாவின் ஒதுக்கங்களை நாடலாம். மற்ற அலைச்சறுக்குக்காரர்கள் திரும்பியும் பார்க்காத முழங்கால் உயரப் புடைப்பு, ஃபொயில்காரருக்கு நெடுந்தூரம் கொண்டுபோகும் வாகனம்.

கச்சான் காற்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் கடல் வழவழவென்று கிடப்பதால் ஆபத்துத் தெரியாது. விழுந்து விழுந்து எழும் பழகுநர் ஒவ்வொரு விழுகையிலும் சிறிது சிறிதாக வெளியே தள்ளப்பட்டுக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்கும்போது கரை தூரத்தில் நிற்கும். கச்சான் எழும்பிய பகலில் நிலாவெளி போன்ற கிழக்குப் பார்த்த கரைகளில் தனியே இறங்கக்கூடாது. விடியற்காலை இறங்கி, காற்று எழுமுன் கரையேறிவிட வேண்டும்.

அடுத்தது வலை. சல்லி, சாம்பல்தீவு முதல் குச்சவெளிவரை இந்தக் கடல் மீனவரின் வயல். கரைவலை வளைத்திருக்கும்போது அதன் குறுக்கே ஓர் இறக்கை போனால் அறுபடுவது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்; கண்ணுக்குத் தெரியாத நைலோன் வலையில் தண்டு மாட்டினால் பலகையில் நிற்பவருக்கும் கழுத்துக்குக் கேடு. இறங்குமுன் அந்தக் கரையின் சம்மாட்டியிடம் கேட்பதுதான் முறை. உள்துறைமுகத்தில் இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும், துறைமுக அதிகாரசபையின் எல்லையும், சீனன்குடா ஆலைகளுக்கு வந்துபோகும் கப்பல்களும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் அங்கே பலகையை இறக்க எண்ணவே கூடாது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. முருகைக்கற்களுக்கு மேல் கூரிய இறக்கையோடு போவது முருகைக்கும் கேடு, விழுகிறவருக்கும் கேடு.

விழுவதற்கும் ஒரு முறை உண்டு. பலகையைப் பிடித்துக்கொள்ள முயலாமல், அதிலிருந்து விலகி, பக்கவாட்டில், தட்டையாக விழ வேண்டும். தலைகீழாகக் குதிப்பதும் காலை நேரே ஊன்றிக் குதிப்பதும் கூடாது. மேலே வரும்போது கைகள் தலையை மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் இறக்கை எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது நீருக்குள் தெரியாது. தலைக்கவசமும் மிதவை அங்கியும் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது.

யாருடைய கடல்?

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளியொன்றை உருவாக்கினார். 2013 முதல் அந்த ஊரில் அலைச்சறுக்கு விழா நடந்தது. மீனவப் பிள்ளைகள் அந்தக் கரையிலிருந்து தேசியப் போட்டிகளுக்குப் போனார்கள். நின்றபடி துடுப்புப் போடும் போட்டிகளில் இந்தியாவின் முதன்மை வீரராக அறியப்பட்ட சேகர் பச்சையும் கோவளத்துக்காரர்தான். வேறெங்கிருந்தோ வந்தவர்கள் பலகை கொண்டுவந்திருக்கலாம். கடலைப் படிக்கத் தெரிந்த கண் கோவளத்தில் ஏற்கெனவே இருந்தது.

இலங்கையிலும் முன்னுதாரணம் உண்டு. அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கான அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. கடற்கரைக் கிராமத்தில் பிறந்தும் கடலில் இறங்க இடமில்லாதிருந்த பெண்கள், தாய்மார்களும் சேர்ந்து, அங்கே அலைமேல் நின்றார்கள். நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அதுதான்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கும் கடலைப் படிக்கும் அந்தக் கண் இருக்கிறது. ஆடும் வள்ளத்தின் அணியத்தில் நின்று வலை வீசுகிற பையனுக்குச் சமநிலையைப் பற்றிப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதும், எந்த இடத்தில் நீர் இழுக்கும் என்பதும் அவன் வீட்டுப் பேச்சு. ஆனால் இந்த மாவட்டத்துக்குக் கடலோடு வேறு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட தலைமுறை தன் பிள்ளைகளைக் கடலிலிருந்து விலக்கியே வளர்த்தது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாலம் இல்லாத இடத்தில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். நீரால் சூழப்பட்ட மாவட்டத்தில் நீச்சலும் மிதவை அங்கியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காமல் இருந்ததை அந்தக் காலை காட்டியது.

ஆகவே பலகையை நான் விளையாட்டுப் பொருளாக மட்டும் பார்க்கவில்லை. பலகையில் ஏற விரும்பும் பிள்ளை முதலில் நீந்தக் கற்க வேண்டும். மிதவை அங்கியைக் கட்டப் பழக வேண்டும். காற்றின் திசை பார்க்க வேண்டும். விழுந்தவரை எப்படி மீட்பது என்று அறிய வேண்டும். ஒரு பிள்ளையை ஆசையால் இழுத்து இந்த நான்கையும் கற்பித்துவிட முடியுமென்றால், அந்த ஆசை எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன?

செலவு பெரிய தடை. புதிய பலகை, இறக்கை, தண்டு, துடுப்பு எல்லாம் சேர்ந்தால் 2000 அமெரிக்க டொலரைத் தாண்டிவிடும். இலங்கை ரூபாயில் பல லட்சம். மீனவக் குடும்பமோ ஆசிரியர் குடும்பமோ தனியே வாங்கும் பொருள் அல்ல. அதனால் இது கழகமாகத்தான் தொடங்க முடியும். ஒரு பெரிய பழைய இறக்கை, அகலமான ஒரு துடுப்புப்பலகை, இறங்குதுறைப் பயிற்சிக்கு ஒரு சிறு பலகை, பாதி நேரம் கரையில் சும்மா நிற்கும் ஒரு கண்ணாடியிழைப் படகு ஆகியவற்றைக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் மாறி மாறிப் பழகலாம். பம்பிங் ஒருவரால் தொடர்ந்து செய்யக்கூடியதும் அல்ல. ஒருவர் மூச்சு வாங்கும் நேரத்தில் அடுத்தவர் ஏறலாம் என்பதால், ஒரு பலகை பலருக்குப் போதும். சுற்றுலா விடுதிகள் நிறைந்த உப்புவெளியிலும் நிலாவெளியிலும், பழகித் தேர்ந்த உள்ளூர் இளைஞர்கள் நாளை பயிற்றுநர்களாகவும் உயிர்காப்பாளர்களாகவும் சம்பாதிக்க முடியும். வெளியூர்ப் பயிற்றுநர் பருவத்துக்கு வந்துபோவார். கச்சானையும் வாடையையும் அறிந்தவர் இங்கேயே இருப்பார்.

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். முதல் கழகத்தை மாணவர்களைக்கொண்டு தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. மூவினப் பிள்ளைகளும் அங்கே ஏற்கெனவே ஒன்றாகப் படிக்கிறார்கள். மீனவர் சங்கங்களோடு பேசி வலை வளைக்காத ஒரு கரைத்துண்டை ஒதுக்குவது பிரதேச சபையால் முடியும். கப்பல் பாதைக்கும் பாதுகாப்பு எல்லைக்கும் வெளியே, குடாவின் ஓர் ஒதுக்கத்தில் ஒரு தாழ்ந்த மிதவை மேடைக்கு இடம் காட்டுவது துறைமுக அதிகாரசபையாலும் கடற்படையாலும் முடியும். மேடையின் அளவு ஒரு வகுப்பறையைவிடச் சிறிது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ அடுத்த மே மாதம் கடலில் பலகையோடு இறங்கக் கேட்டால், முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள், மிதவை அங்கி வாங்கிக் கொடுங்கள், பிறகு கரையில் நின்று பாருங்கள். ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடாதீர்கள்.